இளைய கௌரியின் புடவை

செந்தில்,

இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். நீ முனகுவாய் என்று தெரியும். போனில் பேசினால் மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லி வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் முதல் இரண்டு வரியைப் பார்த்துவிட்டுக் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்புகிறாய். தமிழ் என்றால் உனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். சனிக்கிழமை தோறும் உன்னைப் பிடித்து உட்காரவைத்து நான் சொல்லிக்கொடுத்ததும், கீழே நிகில் விசிலடிக்கிறானா என்று நீ ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்ததும் எனக்கு மறக்கவில்லை. அந்த அரைகுறைப் படிப்பு இன்று என் பக்கம் நிற்கப்போகிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனால் ஒரு வரியையும் தாண்டிப் போக முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை நீயும் கீர்த்தனாவும் கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு வந்து, யார் யாருக்கு என்று பெயர் எழுதினீர்கள். எதிர் வீட்டுக்கு என்று நான் தனியாக எடுத்து வைத்ததை நீ கட்டுக்குள் திருப்பிச் செருகினாய். “அவங்களுக்கு வேண்டாம்மா. அவங்க வந்தா நான் மண்டபத்துக்கு வர மாட்டேன்” என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். சிரிப்பு கீர்த்தனாவுக்காக, சொன்னது எனக்காக. நான் பதில் பேசாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். சம்மதம் இல்லை. அந்த வீட்டுக்கும் நமக்கும் பேச்சு நின்றதற்கு முதல் காரணம் நீ இல்லை, நான். அதை உன் வருங்கால மனைவி முன்னால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இந்த ஒரு வாரமாக அதையே நினைத்து நினைத்து எனக்கே என்மேல் கோபம் வந்துவிட்டது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாம் விமான் நகரில் இந்த வீட்டுக்கு வந்தபோது உனக்கு நாலு வயது. எனக்கு இந்தி பாதி வரும், மராட்டி சுத்தமாக வராது. எதிர் வீட்டு சுனந்தா முதல் நாளே என்னை ‘வஹினி’ என்று கூப்பிட்டாள், அண்ணி என்று அர்த்தம். நான் அவளை ‘தாயி’ என்றேன், அதாவது அக்கா. இரண்டு பேரில் யார் மூத்தவள் என்பது கடைசிவரை தீரவில்லை, இரண்டு பேரும் மற்றவளுக்குத்தான் வயது அதிகம் என்று விட்டுக்கொடுத்தோம். அந்த வருஷம் கணபதி வந்து, அவர் பின்னாலேயே கௌரிகள் வருகிற நாள். அவர்கள் வீட்டில் அக்கா தங்கை என்று இரண்டு கௌரி. இரும்பு ஸ்டாண்டில் பித்தளை முகம் வைத்து, நிஜப் புடவை கட்டி, நகை போட்டு, மூன்று நாள் வீட்டுப் பெண்களாக வைத்துக்கொள்வார்கள். அன்று காலையில் சுனந்தா என் வாசலில் வந்து நின்றாள். இளையவளுக்கு எடுத்து வைத்த புடவையில் எண்ணெய் கொட்டிவிட்டது, நல்ல புடவை ஏதாவது இருக்குமா என்று கேட்டாள். பீரோவைத் திறந்ததும் கைக்கு வந்தது என் கல்யாணப் பட்டு. கொடுத்துவிட்டேன். காஞ்சிப் பட்டின் முரட்டு மடிப்பு அவளுக்குப் படியவில்லை. நானே போய் முட்டி போட்டு உட்கார்ந்து, கொசுவம் வைத்துப் பின் குத்திவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிப் போயிற்று. மூத்தவளுக்கு சுனந்தாவின் பைத்தணிப் பட்டு, இளையவளுக்கு என் அரக்குப் பட்டு. பதினாறு வருஷம். பதிலுக்கு நம் வீட்டுக் கொலுவில் நாலாவது படியில் முருகனுக்குப் பக்கத்தில் அவள் பண்டரிபுரத்திலிருந்து வாங்கி வந்த விட்டலனும் ருக்மிணியும் நின்றார்கள். பண்டிகை நாட்களில் இரண்டு கதவும் திறந்தே கிடக்கும். அவள் பிள்ளை நிகில் நம் சமையலறையில் புளியோதரை தின்பான், நீ அங்கே பூரண்போளிக்கு மேல் நெய் போதவில்லை என்று உன் சுனந்தா காகூவிடம் சண்டை போடுவாய். எந்தக் கடவுள் எந்த வீட்டுக்காரர் என்று யாரும் கேட்டுக்கொண்டதில்லை.

பண்டிகையோடு நின்றிருந்தால் அதைச் சிநேகிதம் என்று நான் சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தடை வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் வார்டு ஆபீசுக்கு நடந்தோமே, நினைவிருக்கிறதா? நீயும் நிகிலும் ஆறாவது படித்தீர்கள். நான் டீச்சர், எழுதுவது என் வேலை. அவள் பேசுவாள். அவள் பேசுகிற மராட்டிக்கு அங்கே உள்ள கிளார்க் எழுந்து நாற்காலி போடுவான். பத்துப் பன்னிரண்டு தடவை போயிருப்போம். வேகத்தடை வந்தது. இன்றைக்கும் ஆட்டோ அதில் ஏறி இறங்கும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம் வரும். அரசியல் என்று நான் நிஜமாகச் செய்தது வாழ்க்கையில் அந்த ஒன்றுதான்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால், நவராத்திரிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அந்த மனிதர் நம் வீட்டுக்கு வந்தார். பெயர் வேண்டாம். எல்லோரும் ‘பாவு’ என்பார்கள், அண்ணன் என்று. கார்ப்பரேட்டர் சீட்டுக்கு, நம்ம ஊர்க் கவுன்சிலர் மாதிரி, அலைந்துகொண்டிருந்த அண்ணன். என் கொலுவைப் பற்றி ஊரே பேசுகிறது என்றார். இந்த வருஷம் அதைக் கீழே நம் குடியிருப்பின் சொசைட்டி ஹாலில் பெரிதாக வைக்கலாம், பந்தலும் விளக்கும் அவர் பொறுப்பு, ஏரியாப் பெண்கள் எல்லோருக்கும் மஞ்சள் குங்குமம், கூடவே ஆளுக்கு ஒரு ஸ்டீல் டப்பா என்றார். அப்பா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். ஊரே பேசுகிறது என்ற வார்த்தை காதில் விழுந்த பிறகு எனக்கு வேறு எதுவும் கேட்கவில்லை. ரிட்டயர் ஆகி ஒரு வருஷம். ‘டீச்சர்’ என்று கூப்பிட ஆளில்லாமல் இருந்தவளை ஒருவர் வந்து டீச்சர் என்றால் அப்படித்தான் ஆகும். விளம்பரம் எதுவும் வைக்கக் கூடாது என்று மட்டும் சொன்னேன். அவரும் காதைத் தொட்டுச் சத்தியம் செய்தார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஹாலுக்குள் போனால், கொலுப்படிக்குப் பின்னால் சுவர் முழுக்க ஃப்ளெக்ஸ். அம்பாள் ஒரு முழ உயரம், அவர் முகம் ஆள் உயரம். வாசலில் நாலு பையன்கள் மேஜை போட்டு உட்கார்ந்து, வோட்டர் அட்டையும் போன் நம்பரும் வாங்கிக்கொண்டுதான் பெண்களை உள்ளே விட்டார்கள். குங்குமத்துக்கு வோட்டர் அட்டை. சுனந்தாவையும் கேட்டிருக்கிறார்கள். என் கொலுவுக்கு, அவள் பொம்மை நிற்கிற கொலுவுக்கு. அவள் நேரே உள்ளே வந்தாள், செருப்பைக் கழற்றினாள், நாலாவது படியிலிருந்து விட்டலனையும் ருக்மிணியையும் எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டாள். நவராத்திரி நடுவில் கொலுவிலிருந்து யாரும் பொம்மையை எடுக்க மாட்டார்கள். ஹாலே பார்த்தது. அவள் சொன்னது ஒரே வாக்கியம்: “இது உங்க கொலு இல்ல வஹினி, அவரோட கூட்டம்.”

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. எனக்கு அது தெரியும். தெரிந்ததால்தான் ரோஷம் வந்தது. அவள் வீட்டுக்காரர் வசந்த் காகா அந்தக் காலத்திலிருந்து எதிர்க் கட்சிக்கு வேலை செய்கிறவர், உனக்குத் தெரியும். எல்லோர் முன்னாலும் நான் மராட்டியில் சத்தமாகக் கேட்டேன்: “உங்க ஆள் செஞ்சா சரி, எங்க ஆள் செஞ்சா மட்டும் தப்பா?”

எங்கள் ஆள். அதற்கு முந்திய வாரம் வரை அந்த மனிதர் முகத்தைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. பதினாறு வருஷம் என் புடவையைக் கட்டி அழகு பார்த்தவள் ‘உங்க’ பக்கம் போய்விட்டாள், பத்து நாள் பழக்கத்தில் ஒருவர் ‘எங்க ஆள்’ ஆகிவிட்டார். வெட்கமாக இருக்கிறது, செந்தில். உனக்கு அம்மாவாக இருந்துகொண்டு இதை எழுத ரொம்பவே வெட்கமாக இருக்கிறது.

மீதி உனக்குத் தெரியும், ஆனால் நீ எனக்குச் சொன்னது பாதிதான். சொசைட்டி வாட்ஸ்அப் குரூப்பில் நிகில் நம்மை ‘வெளியிலிருந்து வந்தவர்கள்’ என்று எழுதியதை நீ எனக்குக் காட்டினாய். இந்த ஊரில் உன்னை வளர்த்து, இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பதினைந்து வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவளை, என் கையால் சோறு தின்றவன் அப்படிச் சொல்லலாமா என்று அழுதேன். அவன் எழுதியது தப்பு, இன்றும் தப்புதான். ஆனால் அதற்கு மேலே நீ எழுதியிருந்ததை நீ காட்டவில்லை. போன வருஷம் அப்பாவின் போனில் பழையதைத் தேடும்போது தற்செயலாகக் கண்ணில் பட்டது. ‘ஒரு பொட்டலம் பிரியாணிக்குக் கொடி பிடிக்கிற குடும்பம்’ என்று எழுதியிருந்தாய். அப்பாவுக்கு டெங்கு வந்து ரத்தத்தில் தட்டணு இறங்கியபோது, கூப்பிடாமலே ஆஸ்பத்திரிக்கு வந்து ரத்தம் கொடுக்கச் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தாரே, அந்த வசந்த் காகாவைப் பற்றி. அதைப் படித்த அன்று உன்னைக் கூப்பிட்டுத் திட்டியிருக்க வேண்டும். திட்டவில்லை. ஆரம்பித்து வைத்தவளுக்கு என்ன யோக்கியதை என்று வாயை மூடிக்கொண்டேன். அது என் இரண்டாவது தப்பு.

நீ வீட்டுக்கு வருகிற நாட்களில் லிஃப்டில் நிகில் நின்றால் மூன்று மாடி படி ஏறி வருகிறாய். நானும் சுனந்தாவும் குப்பை வைக்க ஒரே நேரத்தில் கதவைத் திறந்துவிட்டால், இரண்டு பேரும் ஏதோ மறந்த மாதிரி உள்ளே போய்விடுவோம். இந்த மூன்று வருஷத்தில் தண்ணீர் வராமல் வாரம் இரண்டு டாங்கர் வாங்குகிறோம். நான் தனியாக வார்டு ஆபீசுக்கு மனு எழுதி அனுப்பினேன், பதில் இல்லை. அவள் தனியாகப் போய்ப் பேசினாளாம், நாளைக்கு வா என்றார்களாம். எழுதுகிறவளும் பேசுகிறவளும் பிரிந்ததில் யாருக்கு நிம்மதி என்று யோசித்துப் பார்.

இனிமேல் சொல்லப்போவதைக் கேட்டு நீ சிரிப்பாய். முந்தாநாள் நம் சொசைட்டி கேட்டில் கணபதி வாழ்த்து ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். நம்ம பாவு இருக்கிறார், பல் தெரிய. அவர் தோளில் கை போட்டபடி பக்கத்தில் இன்னொருவர். யார் தெரியுமா? வசந்த் காகா பதினைந்து வருஷம் யாருக்காகச் சைக்கிளில் கொடி கட்டி அலைந்தாரோ, அவர். இரண்டு பேரும் இப்போது ஒரே கட்சி. மேலே பெரிய இடத்தில் ஏதோ உடைந்து ஏதோ ஒட்டியிருக்கிறது, இங்கே இவர்கள் கட்டிக்கொண்டார்கள். வாட்ச்மேனிடம் கேட்டேன். போன மாதமே சேர்ந்துவிட்டார்களாம், ஒரே காரில்தான் போகிறார்களாம். நான் காய்கறிப் பையோடு அதைப் பார்த்தபடி நின்றேன். இவர்களுக்காக என் பட்டுப்புடவை மூன்று வருஷமாகப் பீரோவில் கிடக்கிறது. இவர்களுக்காக என் பிள்ளை லிஃப்டில் ஏறாமல் மூச்சு வாங்க வருகிறான். சேருவதற்கு அவர்களுக்கு ஒரு வெட்கமும் இல்லை, எங்களுக்கு மட்டும் என்ன ரோஷம் வேண்டிக்கிடக்கிறது?

அங்கேயே முடிவு செய்தேன். இது எதிலிருந்தும் ஒதுங்கிப் போகிற முடிவு இல்லை, தப்பாக நினைக்காதே. அரசியலே சாக்கடை என்று மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பிடிக்காது. நீ வோட்டுப் போடு. தண்ணீர் வராவிட்டால் போய்க் கேள், கத்து, விடாதே. நிகில் நம்புகிற கட்சியை நீ நம்ப வேண்டாம், அவனோடு விடிய விடிய வாதாடு. ஆனால் அந்த ஆட்களை ‘எங்க ஆள்’ என்று வீட்டுக்குள் கொண்டுவராதே. வீட்டுக்குள் வந்தால் முதல் வேலையாக உள்ளே இருப்பவர்களை எண்ணிப் பிரித்துவிடுவார்கள். உன் மாமனார் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார், பாவுவைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் போலீஸ் பர்மிஷன், பார்க்கிங் எல்லாம் சுலபமாகும் என்று. நேற்றே போன் செய்து மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன் கல்யாண மண்டபத்தில் மணமக்கள் முகத்தைத் தவிர வேறு எந்த முகமும் பெரிதாக இருக்காது.

இன்று காலை பத்து மணிக்குப் புடவையையும் பின் டப்பாவையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு, பத்திரிகையையும் எடுத்துக்கொண்டு எதிர் வீட்டு மணியை அடித்தேன். நாலடி தூரம். சுனந்தா கையில் மாவோடு கதவைத் திறந்தாள். உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த வசந்த் காகா எழுந்து சமையலறைக்குப் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். ஒரு தம்ளர் தண்ணீரோடு திரும்பி வந்து என் கையில் கொடுத்தார். வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுப்பதை இந்த ஊர்க்காரர்கள் எந்தக் கோபத்திலும் விட மாட்டார்கள்.

நின்றுகொண்டே சொன்னேன்: “தாயி, அன்னைக்கு நான் பேசினது தப்பு. எல்லார் முன்னாலயும் பேசினேன். எல்லார் முன்னாலயும் தப்புன்னு சொல்லச் சொன்னா, அதையும் சொல்லுதேன்.” மராட்டியில்தான் சொன்னேன், கடைசி வார்த்தை மட்டும் பதற்றத்தில் நம்ம திருநெல்வேலியாக வந்துவிட்டது. அவளுக்குப் புரிந்தது. கையைக் கழுவிவிட்டு வந்து பையிலிருந்து புடவையை எடுத்துப் பிரித்தாள். மூன்று வருஷம் மாற்றி மடிக்காமல் ஒரே மடிப்பில் கிடந்ததில் ஒரு சாண் நீளத்துக்கு இழை விட்டிருந்தது. நானே அப்போதுதான் பார்த்தேன். என் கல்யாணப் புடவை, செந்தில்.

சுனந்தா கிழிசலை விரலால் நீவிப் பார்த்தாள். போன இரண்டு வருஷமும் இளையவளுக்குக் கடையில் தைத்து விற்கிற புடவையைத்தான் மாட்டினேன் என்றாள். பிறகு, “நீங்க சொன்னதை நான் மறக்கமாட்டேன் வஹினி. ஆனா கௌரி நாளைக்கு வரா. கொசுவம் நீங்கதான் வைக்கணும்” என்றாள். இன்னும் முகம் வைக்காத இரும்பு ஸ்டாண்டு முன்னால் நான் முட்டி போட்டு உட்கார்ந்தேன். இப்போது முட்டி வலிக்கிறது, எழுந்திருக்கக் கை கொடுக்க ஆள் வேண்டும். கிழிந்த இடம் வெளியே வராதபடி உள்மடிப்பில் தள்ளி அவள் பிடித்துக்கொண்டாள், நான் பின் குத்தினேன். அவர்கள் டிவிக்கு மேலே விட்டலனும் ருக்மிணியும் நின்றார்கள். அவர்களைத் திருப்பிக் கேட்க அவசரமில்லை. நவராத்திரிக்கு இன்னும் நாள் இருக்கிறது.

எழுந்ததும் பத்திரிகையை எடுத்து உறையில் பெயர் எழுதப் போனேன். வசந்த், சுனந்தா என்று எழுதினேன். மூன்றாவது பெயருக்குப் போனபோது அவள் என் கையைப் பிடித்தாள். “எங்க ரெண்டு பேருக்கும் இது போதும், நாங்க வருவோம். நிகில் பேரை நீங்க எழுதாதீங்க. அது நீங்க எழுதவேண்டிய பேர் இல்ல” என்றாள். அவன் தன் தப்பை இத்தனை நாளில் வீட்டில் ஒப்புக்கொண்டானா என்று கேட்டேன். இரண்டு பிள்ளைகளும் ரோஷத்தில் அவரவர் அம்மாவைப் போலத்தான் என்று மட்டும் சொன்னாள். வசந்த் காகா முதல் முறையாகச் சிரித்தார்.

ஆகவே விஷயம் இவ்வளவுதான். அவர்கள் இரண்டு பேரும் உன் கல்யாணத்துக்கு வருகிறார்கள், அது முடிந்த பேச்சு. நீ மண்டபத்துக்கு வர மாட்டேன் என்று என்னிடம் பயம் காட்டாதே, பெற்றவளுக்குத் தெரியாதா உன் வீரம். நாளை மறுநாள் மதியம் கௌரி பூஜை. பூரண்போளி, பதினாறு காய். சாகண் ஆபீசில் லீவு சொல்லிவிட்டு வா. வந்ததும் முதலில் காகா காலைத் தொடு, எதற்கு என்று அவருக்கும் தெரியும் உனக்கும் தெரியும். நிகில் உன்னிடம் சொல்லவேண்டியதை அவன் சொல்வானோ மாட்டானோ, அதற்கு நான் உத்தரவாதம் தர முடியாது. உன் பங்கை நீ செய். நான் செய்தேன், செத்துப்போகவில்லை.

இந்தக் கடிதத்தைக் கூரியரில் அனுப்பவில்லை. அப்பா ஸ்கூட்டரில் பாணேருக்கு, உன் வீட்டுக்கே கொண்டுவருகிறார். நீ கடைசி வரி வரை படிக்கும்வரை அங்கேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன், உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்துச் சமாளிக்கப் பார்க்காதே. அந்த உறையை நான் திருப்பி வாங்கி வந்துவிட்டேன், அது அவர் கையில் இருக்கிறது. இரண்டு பெயருக்குக் கீழே ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன். தமிழோ மராட்டியோ இங்கிலீஷோ, உனக்கு எது வருமோ அதில் எழுது. பேனா அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. எழுதுகிறதா என்று நான் கிறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

அம்மா